எல்.கே.ஜி.க்குள் ஒரு தோட்டம்

எதிர்வீட்டுப் பேத்திக்கு நாலு வயது. ஆடி பிறந்த கையோடு ஒரு கொட்டாங்குச்சியில் மண்ணை நிரப்பிக் கொடுத்து, நாலு தட்டைப்பயறை அவள் கையாலேயே ஊன்றச் சொன்னேன். ஆள்காட்டி விரலை முதல் கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டுக் குழி பண்ணினாள். குழிக்கு ஒன்றாகப் பயறைப் போட்டு மூடினாள். அன்று சாயங்காலமே தோண்டிப் பார்த்தாள். மறுநாள் காலையிலும் தோண்டினாள். மூன்றாம் நாள் ஒரு பயறை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். தோல் வெடித்து, அரை அரிசி நீளத்துக்கு வெள்ளையாக ஒரு முளை வளைந்து வெளியே வந்திருந்தது. நுனியில் ஒரு துணுக்கு மண்.

"பெரியம்மா, பயறுக்கு மூக்கு வந்துருச்சு!"

உள்ளேயிருந்து அவள் பாட்டி குரல் கொடுத்தார்: "தோண்டாதடீ! தோண்டுனா முளைக்காதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

பாட்டி சொன்னது சரிதான். அந்தப் பயறை அவள் மறுபடி புதைத்து, உள்ளங்கையால் அழுத்தி, ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினாள். கொட்டாங்குச்சி குளமாயிற்று. நாலு பயறும் அழுகின. ஆனாலும் அவள் கையைப் பிடித்துத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. செடிக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு குழந்தை இப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், தன் கையால் செய்து, கெடுத்து, மறுபடி செய்து. அதற்கென்றே ஓர் இடத்தை உண்டாக்கிய மனிதர் ஒருவர் இருந்தார். அவர் வைத்த பெயரைத்தான் நாம் தினமும் காலையில் வேன் வரும் நேரத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவள் படிப்பது எல்.கே.ஜி. அந்த 'கே' கிண்டர், ஜெர்மன் மொழியில் குழந்தைகள். அந்த 'ஜி' கார்டன். தோட்டம். அழகுக்காகச் சூட்டிய பெயர் என்றுதான் நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். அந்தப் பெயர் பிறந்த இடத்தில் பாத்தி இருந்தது, வரப்பு இருந்தது, பூவாளி இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு துண்டு மண் இருந்தது.

அந்த மனிதர் பிரீட்ரிக் ஃபுரோபெல். 1782 ஏப்ரல் 21 அன்று, ஜெர்மனியின் துரிங்கியக் காட்டுப் பகுதியில், ஓபர்வைஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பாதிரியார். பிள்ளைக்கு ஒன்பது மாதமானபோது தாய் இறந்துபோனார். பிறகு வந்த சிற்றன்னை முதலில் பாசமாகத்தான் இருந்தார். தனக்கென்று ஒரு மகன் பிறந்ததும் மாறிவிட்டார். அதுவரை 'நீ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், எதிரே நிற்கும் பிள்ளையிடமே 'அவன்' என்று படர்க்கையில் பேசத் தொடங்கினார். ஆளைத் தள்ளி நிறுத்தும் பேச்சு அது. அந்த ஒரு சொல் மாறியதை ஃபுரோபெல் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது மறக்காமல் குறித்திருக்கிறார். நம் வீடுகளிலும் ஒரு குழந்தை எதிரே நிற்கும்போதே 'அவனுக்குச் சோறு வேணுமாமா' என்று கேட்டால் அதன் முகம் எப்படிச் சுருங்கும் என்று நமக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட பிள்ளைக்குத் துணையாக இருந்தவை செடிகொடிகள். ஒருநாள் ஹேசல் மரத்தின் மொட்டுகளிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஊதாச் சிவப்பு இழைகளைப் பார்த்துப் பூரித்துப்போனான். அவை பெண்பூக்கள் என்றும், செடிகளிலும் ஆண் பெண் உண்டு என்றும் அண்ணன் விளக்கினார். வீட்டில் யாரும் சொல்லாத விஷயங்களை ஒரு மரம் சொல்கிறதே என்ற வியப்பு அவனை விடவில்லை. பதினைந்து வயதில் வன அலுவலர் ஒருவரிடம் தொழில் பழகப் போனான். அவரிடம் கற்றதைவிட, இரவல் வாங்கிப் படித்த தாவரவியல் நூல்களிலும் காட்டிலும் கற்றதே அதிகம்.

நடுவில் வந்தவை பல: கல்லூரி, கடன், போர்ப்படை, பெர்லினில் கனிமங்களையும் படிகங்களையும் ஆராயும் வேலை, கைல்ஹாவ் என்ற சிற்றூரில் ஒரு பள்ளிக்கூடம். அவற்றைத் தாண்டிப் போகிறேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பிராங்க்பர்ட்டில் ஹோல்ட்ஸ்ஹவுசன் என்ற பிரபுக் குடும்பத்துப் பையன்களுக்கு அவர் வீட்டு ஆசிரியராக இருந்தபோது, பையன்களின் பெற்றோர் பயிர் வைக்க ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். வாத்தியாரும் பிள்ளைகளும் சேர்ந்து கொத்தினார்கள். விளைந்ததைப் பையன்கள் பெற்றோருக்கே பரிசாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷம் அவர் மனதில் விதையாக விழுந்தது. அது முளைக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

1837-இல், ஐம்பத்தைந்து வயதில், பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். குழந்தைகளின் ஆக்கத் துடிப்பைப் பேணும் நிறுவனம் என்கிற மாதிரி வாயில் நுழையாத ஒரு பெயர் அதற்கு. அவருக்கே அது பிடிக்கவில்லை. 1840-ஆம் ஆண்டின் வசந்தத்தில், கைல்ஹாவிலிருந்து மலைப்பாதை வழியாகப் பிளாங்கன்பர்க்குக் கூட்டாளிகள் இருவரோடு நடந்து வந்துகொண்டிருந்தார். தன் கடைக்குட்டிக்கு ஒரு பெயர் அகப்படவில்லையே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாராம். கீழே பள்ளத்தாக்கில் ஊர் தெரியும் இடம் வந்ததும், கால் கட்டப்பட்டவர் போல நின்றுவிட்டார். பிறகு மலையெல்லாம் எதிரொலிக்க அந்தப் பெயரைக் கத்தினார்: கிண்டர்கார்ட்டன். கூட நடந்தவர்களில் ஒருவரான பாரோப் இதை எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆண்டு ஜூன் 28 அன்று, குட்டன்பர்க்கின் அச்சுக்கலைக்கு 400 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடிய விழாவோடு சேர்த்து, அந்தப் பெயர் ஊரறிய அறிவிக்கப்பட்டது.

அதே 1840-இல்தான் கீஸன் நகரத்தில் வேதியியலாளர் லீபிக், செடிகள் மண்ணிலிருந்து எந்தெந்தத் தாது உப்புகளை எடுத்துக்கொள்கின்றன என்பதை விளக்கும் தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். செடிக்கு என்ன வேண்டும் என்ற ஒரே கேள்வியைத்தான் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் கேட்டார், இன்னொருவர் நாலு வயதுக் குழந்தைகளோடு குந்தி உட்கார்ந்து கேட்டார். அந்த ஆண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கும்.

இப்போது அந்தத் தோட்டத்துக்குள் போவோம். ஃபுரோபெல் அதற்கு ஒரு வரைபடமே போட்டிருக்கிறார். நடுவில் வரிசை வரிசையாகச் சின்னப் பாத்திகள், ஒரு குழந்தைக்கு ஒன்று. பாத்திகளுக்கு இடையே ஒரு குழந்தை நடக்கிற அகலத்துக்கு வழி. இவற்றைச் சுற்றிலும் எல்லாருக்கும் பொதுவான பாத்திகள்: ஒரு பக்கம் பூவும் காய்கறியும், மறுபக்கம் வயலில் விளையும் தானியம், பருப்பு, எண்ணெய்வித்து. தனியாருடையதைப் பொது சுற்றி நின்று காக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இடம் போதாவிட்டால் இரண்டு பிள்ளைகள் ஒரு பாத்தியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு குச்சி நட்டிருக்கும், அதில் குழந்தையின் பெயர். ஒவ்வொரு செடிக்கு அருகிலும் அதன் பெயர். எழுத்துகள் முதலில் கண்ணில் படுவது அப்படித்தான், தன் பெயரும் தன் செடியின் பெயருமாக.

இந்த இரண்டு வகைப் பாத்தியில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. பொதுப் பாத்தியில் முறைப்படி வேலை நடக்கும். பருவம் பார்த்து விதைப்பார்கள், அளவாக நீர் விடுவார்கள், களை எடுப்பார்கள். தன் பாத்தியில் குழந்தை எதை வேண்டுமானாலும் நடலாம், எப்படி வேண்டுமானாலும் வளர்க்கலாம். யாரும் குறுக்கிடக் கூடாது. தண்ணீரைக் கொட்டி அழுக வைக்கலாம், மறந்து காய வைக்கலாம். தப்பான கவனிப்பால் செடி வாடுவதைத் தானே பார்த்து, செடிக்கென்று ஒரு நியதி இருக்கிறது, அதற்கு நாம் இசைந்துபோனால்தான் அது செழிக்கும் என்று குழந்தை கண்டுகொள்ள வேண்டும். இதை ஃபுரோபெல் தெளிவாகவே எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே பொதுப் பாத்தியில் அதே செடி தழைத்து நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் வேண்டாம். பெரிய பெரிய விஞ்ஞானிகள் சோதனைக்கு ஒன்று, ஒப்புநோக்க ஒன்று என்று இரண்டு தொட்டி வைப்பார்களே, அதை இவர் பாத்தியாகவே வெட்டி வைத்திருக்கிறார்.

எங்கள் தெருவிலும் அதைச் செய்து பார்த்தேன். இரண்டு பழைய பெயிண்ட் டப்பாக்களில் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு மண் நிரப்பினேன். "இது உன்னோடது. அது வீட்டோடது. உன்னோடதுல என்ன வேணா பண்ணிக்க. வீட்டோடதுல பெரியம்மா கேக்காம கை வைக்கக் கூடாது." அவள் ஐஸ் குச்சியில் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதி ஊன்றினாள். எழுத்து இடவலம் மாறியிருந்தது. திருத்தவில்லை.

வீட்டு டப்பாவில் எட்டாம் நாள் இரண்டு இலை. அவளுடையதில் எதுவுமில்லை. தினமும் சொம்பு சொம்பாகத் தண்ணீர். "நிறைய குடிச்சா நிறைய வளரும்ல?" என்று கேட்டாள். நாலு வயதில் அது நியாயமான யோசனைதான். அவளுக்கு அம்மா அப்படித்தானே பால் குடிக்கச் சொல்கிறாள். நம் பாடப்புத்தகங்களில் வெகுகாலமாக வரும் மூன்று அவரை விதைச் சோதனை இதற்குப் பதில் சொல்லும். ஒரு மரச்சட்டத்தில் மூன்று அவரை விதைகளை மேல், நடு, கீழ் என்று கட்டி, நடு விதை நீர் மட்டத்தில் நிற்கும்படி முகவையில் வைப்பார்கள். மேலே உள்ளதற்குக் காற்று உண்டு, நீர் இல்லை. அடியில் உள்ளதற்கு நீர் உண்டு, மூச்சுவிடக் காற்று போதாது. நடுவில் உள்ளது மட்டும் முளைத்துத் தழைக்கும். விதையும் மூச்சு விடுகிறது என்பது அதிலிருந்து புரிய வேண்டும். நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் படத்தை வரைந்து மூன்று பகுதிகளுக்குப் பெயர் எழுதியதும் அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. இவளுக்கு நான் படம் காட்டவில்லை. அவள் டப்பாவிலிருந்து அழுகிய பயறை எடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். மூக்கைச் சுளித்தாள். அடுத்த முறை உள்ளங்கையில் தண்ணீர் அள்ளித் தெளித்தாள்.

வெயில் கொஞ்சம் சிக்கலான பாடம். செடிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பிள்ளைகள் தண்ணீர், காற்று, வெயில், மண் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். பயறு முளைக்க வெயில் வேண்டியதில்லை, மண்கூட வேண்டியதில்லை. ஈரத்துணியில் கட்டி அடுப்படி மூலையில் வைத்தால் முளைகட்டிவிடும் என்பது எந்த வீட்டிலும் தெரிந்த சங்கதி. விதைக்குள் தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு இருக்கிறது. அது தீரும்வரை வெளிச்சத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. தீர்ந்த பிறகு சமைத்தாக வேண்டும். சமையலுக்கு வெயில் வேண்டும், இலையில் பச்சை வேண்டும்.

இந்தப் பாடத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் கோயில் திருவிழாவிலேயே வைத்திருக்கின்றன. முளைப்பாரி. சட்டியில் வைக்கோலும் எருவும் மண்ணும் போட்டு, தானியங்களையும் பயறுகளையும் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து வளர்ப்பார்கள். சுற்றி நின்று கும்மியடித்துப் பாடுவார்கள். திருவிழா நாளில் பெண்கள் தலையில் ஏந்தி வரும்போது பார்த்தால் முளை ஒரு முழம் நின்றிருக்கும், வெளிறிய மஞ்சளில், மெல்லிசாக, ஒன்றையொன்று சாய்ந்து தாங்கிக்கொண்டு. இருட்டில் வளர்ந்த செடி வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகும், பச்சையம் உண்டாக்காது. அந்த மென்மைதான் முளைப்பாரியின் அழகு. எங்கள் மாரியம்மன் கோயில் ஊர்வலத்தில் பாட்டியின் தோளில் இருந்தபடி இவள் கேட்டாள்: "இது ஏன் மஞ்சளா இருக்கு? நம்ம வீட்டுது பச்சையாத்தானே இருக்கு?"

"இருட்டு ரூம்ல வளத்தது" என்றார் பாட்டி. அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

ஃபுரோபெலின் கதை சந்தோஷமாக முடியவில்லை. பிளாங்கன்பர்க் நிலையம் பணமில்லாமல் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. முதுமையில் லீபன்ஸ்டைன் என்ற ஊரில் கிராமத்துப் பிள்ளைகளோடு ஆடிப் பாடித் திரிந்த அவரைக் கிழட்டுப் பைத்தியம் என்றார்கள். பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றுவித்தார். அவர்களுக்கு அவர் கொடுத்த பெயர் தோட்டக்காரி என்று பொருள்படும். 1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அவருடைய அண்ணன் மகன் கார்ல் ஃபுரோபெல் எழுதியதை இவருடையது என்று குழப்பிக்கொண்டதும் அதில் சேர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 21 அன்று அவர் காலமானார். 1860-இல்தான் தடை நீங்கியது.

அதற்குள் அவருடைய மாணவிகளும் அன்பர்களும் அந்தப் பள்ளியை லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோயிருந்தார்கள். அங்கேதான், என் கணிப்பில், தோட்டம் தொலைந்தது. ஃபுரோபெல் குழந்தைகளுக்கென்று கம்பளிப் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரக் கட்டைகள் என்று விளையாட்டுப் பொருள்கள் செய்திருந்தார். படிகங்களை ஆராய்ந்த கை செய்தவை அவை. அவற்றைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றலாம், கடையில் விற்கலாம். அமெரிக்காவில் மில்டன் பிராட்லி அவற்றைத் தயாரித்து விற்றார். 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்தக் கட்டைகளைப் பார்த்த ஒரு தாய் தன் மகனுக்கு வாங்கிக்கொண்டு போனார். அந்த மகன் பின்னாளில் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட். கட்டைகள் ஊர் ஊராகப் போயின. மண்ணைப் பெட்டியில் அடைக்க முடியாது. நகரத்துப் பள்ளிக்கு வாடகை மாடியில் இரண்டு அறை கிடைத்தாலே பெரிது. பெயர் மட்டும் போய்ச் சேர்ந்தது. அது நம் ஊருக்கு வரும்போது இரண்டு எழுத்தாகச் சுருங்கி, முன்னால் 'எல்' என்றும் 'யு' என்றும் ஒட்டிக்கொண்டு வந்தது.

விடாமல் பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். பெர்லினில் ஃபுரோபெலின் உறவுப்பெண் ஹென்ரியெட் ஷ்ராடர்-பிரைமன் தன் பள்ளியில், மாதம் முழுவதும் ஒரு செடியையோ விலங்கையோ சுற்றியே எல்லா வேலையும் நடக்கும்படி வைத்தார். லண்டனில் லூசி லாட்டர் சிறு குழந்தைகளுக்கான பள்ளித் தோட்டம் பற்றி 1906-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய பணியை மரியா மாண்டிசோரி தன் நூலில் எடுத்துச் சொல்கிறார். அந்த மாண்டிசோரி 1939-இல் சென்னைக்கு வந்து, போர் காரணமாக அடையாறிலும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கணக்கில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

இன்னொரு சொல் இருக்கிறது, அது எல்.கே.ஜி.யைவிட நம் கிராமங்களுக்கு நெருக்கமானது. பால்வாடி. பால் கொடுப்பதால் பால்வாடி என்றே பலரும் நினைக்கிறோம். 'பால்' என்றால் வடக்கே குழந்தை. 'வாடி' என்றால் குஜராத்தியில் தோட்டம், மராத்தியில் தோப்பு, குடியிருப்பு. மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் தாராபாய் மோடக் ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளிகள் அந்தப் பெயரைப் பரப்பின. ஆக, பால்வாடி என்றாலும் குழந்தைகள் தோட்டம்தான். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் அங்கன்வாடியிலும் அதே 'வாடி' உட்கார்ந்திருக்கிறது. பல அங்கன்வாடி வாசல்களில் ஒரு முருங்கையோ பப்பாளியோ நிற்பதைப் பார்க்கும்போது, பெயர் தன் பொருளை மறக்கவில்லை என்று மனது குளிரும். அந்த முருங்கையடியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு சாண் இடம் பிரித்துக் கொடுக்க முடிந்தால் போதும். செலவு ஒரு கைப்பிடி பயறு.

கோயில் ஊர்வலம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவளுடைய டப்பாவைத் திண்ணையில் காணோம். கேட்டதற்குச் சிரித்தாளே தவிர வாய் திறக்கவில்லை. அவளுடையது, அவள் இஷ்டம் என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் காலையில் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பாட்டியின் கட்டிலுக்கு அடியில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால், டப்பா இருந்தது. தரையில் படுத்து அதை இழுத்தாள். மூன்று பயறு முளைத்திருந்தன. வெளிறி, நூல் போல நீண்டு, தலை தொங்கி.

"முளைப்பாரி வளத்தேன்" என்றாள்.

வீட்டு டப்பாவை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டுச் செடி குட்டை, இலை கெட்டிப் பச்சை. அவளுடையது அதைப் போல இரண்டு மடங்கு உயரம், நிற்கத் தெம்பில்லை. ஒரு விரலால் அந்தத் தண்டைத் தாங்கிப் பிடித்தாள். பிறகு டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, ஒரு துளி மண் சிந்தாமல், வெயில் விழும் வாசற்படிக்குக் கொண்டுபோய் வைத்தாள். அன்று அவள் தோண்டவில்லை.

மறுநாள் சாயங்காலம் பள்ளி வேன் வந்து நின்றதும் பையைக்கூட இறக்காமல் டப்பாவிடம் ஓடினாள். மஞ்சளாக இருந்த இலைகளில் பச்சை ஏறியிருந்தது.

"பெரியம்மா, வெயிலைக் குடிச்சிருச்சு!"